மாவு மில்லில் கத்திய கேள்வி

அது என் கேள்வி. ஐயர் பிரசங்க பீடத்தில் ஏறி மைக்கைத் தட்டிப் பார்த்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, "போன வாரம் திடப்படுத்தல் வகுப்புல நம்ம ஜெனிட்டா ஒரு கேள்வி கேட்டா, பிரியமானவர்களே, என் ஊழியத்துல இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேக்காத கேள்வி" என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, வரப்போவது என் கேள்விதான் என்று. வந்தது. ஏதேன் தோட்டத்தில் நன்மை தீமை அறிகிற மரத்தைத் தொடாதே என்று சொன்ன கடவுள், சாலமோன் ராஜா எனக்கு ஞானம் வேணும் என்று கேட்டதும் எதற்காக அவ்வளவு சந்தோசப்பட்டார்? ஒருத்தியை அறிவு வந்ததற்காகத் தோட்டத்தை விட்டுத் துரத்தினார், ஒருத்தனுக்கு அறிவைக் கொடுத்து மேலே ஐசுவரியத்தையும் கொடுத்தார், இது என்ன நியாயம்? கடைசியில் வருகிற அந்த 'என்ன நியாயம்' மட்டும் ஐயர் வாயில் வரவில்லை. ஜெனிட்டா அதை நறுக்கிவிட்டுத்தான் கேட்டிருப்பாள். அவள் எதையும் நறுக்கிவிட்டு, ஓரம் மடித்து, அழகாகத்தான் கேட்பாள். கோயில் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து கூடப் பார்த்தார்கள். பாடகர் குழுவின் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள், குனிவதற்கென்றே பிறந்தவள் மாதிரி. அவள் அம்மா, வாத்தியாரம்மா, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். என் பக்கத்தில் இருந்த என் அம்மா முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்து, "பாத்தியாட்டி, அந்தப் பிள்ள என்னமா கேட்டிருக்கு. நீயும் இருக்கியே" என்றாள். என் அம்மா. இதே கேள்வியை அடுப்படியில் வைத்து நான் கேட்டபோது தோசைக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மா. "தேவதூஷணம் பேசாதட்டி. ஏவாளுக்கு எதுக்கு அறிவு? பழத்தத் தின்னா, அறிவு வந்துச்சு, தோட்டம் போச்சு. பொம்பளப்பிள்ள ரொம்பக் கேள்வி கேட்டா இதான்." அப்படிச் சொன்னது இந்த வாய்தான், இதோ மிட்டாயைச் சப்பிக்கொண்டு ஜெனிட்டாவை மெச்சுகிற வாய். வாய் மாறினால் தூஷணம் பிரசங்கம் ஆகிவிடுமா? என் வாயில் என்ன குறை? பல் கொஞ்சம் எடுப்பு, அவ்வளவுதான்.

போன வாரம் நான் வகுப்புக்குப் போகவில்லை. போயிருந்தால் இது நடந்திருக்காது, அல்லது நடந்திருக்கும், நான் அங்கேயே எழுந்து நின்று கத்தியிருப்பேன். ரோஸ்லெட் அக்காவின் தையல் கடையில்தான் இருந்தேன், பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அங்கேதான், காஜா எடுப்பேன், கொக்கி வைப்பேன், ஓரம் அடிப்பேன். திடப்படுத்தல் என்று பிஷப் வந்து தலையில் கை வைக்கிற அன்றைக்குப் பெண் பிள்ளைகள் எல்லாம் வெள்ளைச் சேலை கட்ட வேண்டும், வெள்ளை ஜாக்கெட் போட வேண்டும், எல்லா ஜாக்கெட்டும் எங்கள் கடைக்குத்தான் வந்தது. ஜெனிட்டாவுடையதும் வந்தது. அவள் அங்கே என் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே நான் அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன், இப்போது நினைத்தால் விரலெல்லாம் எரிகிறது. நல்லாத்தான் வைத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது. ஒரு கொக்கியாவது லூசாக வைத்திருக்கலாம். பிஷப் கை வைக்கும்போது பட்டென்று தெறிக்கும். சீ. கோயிலுக்குள் உட்கார்ந்து இதையா நினைக்கிறேன். நினைத்தாகிவிட்டது, இனி என்ன. ஆண்டவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாமல் நினைப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது, அதுதான் பயமே. அவருக்கு எல்லாம் தெரியும் என்றால் அந்தக் கேள்வி யாருடையது என்றும் தெரியும்தானே? தெரிந்துமா ஐயர் வாயில் ஜெனிட்டா என்ற பேரை வர விட்டார்? அல்லது ஜெபம் மாதிரி கேள்வியும் யார் குரலில் போகிறதோ அவர்கள் கணக்கில்தான் ஏறுமா? அப்படி என்றால் பதிலும் அவளுக்குத்தான் போகும். ஞானமும் அவளுக்குத்தான். ஏற்கெனவே அவளிடம் இருப்பதெல்லாம் போதாது என்று.

அவளிடம் என்னதான் இல்லை. ஜிப் வைத்த உறை போட்ட வேதாகமம், உள்ளே நாலு கலரில் கோடு. பச்சை என்றால் வாக்குத்தத்தம், சிவப்பு என்றால் கட்டளை, மற்ற இரண்டும் என்ன என்று கேட்டேன், சொன்னாள், மறந்துவிட்டேன், வேண்டுமென்றே மறந்தேன். அவள் வீட்டில் கண்ணாடி போட்ட அலமாரியில் ஒத்தவாக்கிய அகராதி இருக்கிறது, 'ஞானம்' என்று தேடினால் அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் வரிசையாக வரும், அவள் அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு "பாத்துக்கோம்மா" என்று எனக்கும் காட்டினார். எனக்கும். அந்த 'உம்'மில் ஒரு தயவு இருந்தது, எனக்குத் தயவு பிடிக்காது. எங்கள் வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே வேதாகமம், அதில் ஆதியாகமத்தின் முதல் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது, ஏவாள் பழத்தைப் பறிக்கிற இடத்தில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது என்று நினைக்கிறேன். முழுப் பக்கம் இருக்கிறவளுக்கு எப்படி வரும்? அவளுக்கு வராது. அவளுக்குக் கோடு போடத்தான் வரும்.

ஐயர் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், எங்கள் ஊரில் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம், இவர் பேர் கோயில்பிள்ளை, கோயில்பிள்ளை ஐயர், ஆள் குட்டை, குரல் பெரிசு. "மரத்தின் மேல குத்தம் இல்ல, பிரியமானவர்களே." சரி, மரத்தின் மேல் குற்றம் இல்லை, அப்புறம்? "அறிவு விஷம்னு வேதத்துல எங்கயும் இல்ல." அப்படியா, கேள்டி எப்சி, இதுதான், இதற்காகத்தான் இத்தனை நாள், காதைத் திற. அம்மா, நீயும் கேள். "கையப் பாருங்க. ஏவாளோட கை என்ன செஞ்சுது? சாலமோனோட கை என்ன செஞ்சுது?" ஐயர் தன் கையைத் தூக்கிக் காட்டினார், எல்லாரும் பார்த்தார்கள், நான் ஜெனிட்டாவின் கையைப் பார்த்தேன். வாட்ச் புதுசு. ரோஸ் கலர் வார். எப்போது வாங்கினாள்? என்னிடம் சொல்லவில்லையே. என்னிடம் சொல்லாமல் வாட்ச் வாங்குகிறாள், என்னிடம் சொல்லாமல் கேள்வியை எடுத்துக்கொண்டு போகிறாள், பிறகு என்ன சிநேகிதி. வாட்ச் வாங்கித் தர அவளுக்கு மாமா இருக்கிறார், பட்டணத்தில். எனக்கும் ஒரு மாமா இருக்கிறார், கிணற்றடியில் சீட்டாடுகிறார். மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது ஐயர் கை கீழே இறங்கிவிட்டது. அந்தக் கை என்ன செய்தது? சொல்லிவிட்டாரா? முன்னால் இருந்த கிழவி "ஆமென்" என்று தலையாட்டினாள், அவளுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது, அவள் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு யார் மேல்தான் இல்லை. சாலமோன் மேலும் உண்டு. தூங்கிக்கொண்டிருந்தான், கனவில் ஆண்டவரே வந்து உனக்கு என்ன வேணும் கேள் என்றார். எனக்குக் கனவில் பஸ்தான் வருகிறது, அதுவும் நிற்காமல் போகிற பஸ். ஏவாள் மேலும் உண்டு. துரத்தினார்கள், சரி, ஆனால் தின்றாவது பார்த்தாள். அது இனிப்பா புளிப்பா என்று அவளுக்குத் தெரியும். நான் தின்னாமலே வெளியே நிற்கிறேன்.

வெளியே நிற்பது. அந்தச் சொல்லில் வந்து மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான், கணக்கு வகுப்பு வந்துவிடும். மைனசை மைனசால் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருது சார்? "அது அப்படித்தான், எழுதிக்கோ." அப்படித்தான்னா எப்படி சார்? யாரோ சிரித்தார்கள். "நீ பெரிய விஞ்ஞானியா? வெளிய போய் நில்லு." நின்றேன். வராந்தாவில் வெயில் காலில் அடித்தது. உள்ளே எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், ஏன் என்று தெரியாமலே எழுதிக்கொண்டிருந்தார்கள், ஜெனிட்டாவும்தான் எழுதினாள், ஜன்னல் வழியாக ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். எனக்குக் காத்து நிற்கிற பழக்கம் கிடையாது. பையை எடுத்துக்கொண்டு தேரிக்காட்டுச் செம்மண் வழியாக வீட்டுக்கு நடந்துவிட்டேன், அப்புறம் போகவே இல்லை. எங்களுக்குக் கஞ்சிக்கு இல்லாமல் நான் படிப்பை விட்டேன் என்று ரோஸ்லெட் அக்கா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள், பாவப்பட்டு, அது பொய். நானாகத்தான் விட்டேன். அம்மா ரெண்டு நாள் திட்டினாள், மூன்றாம் நாள் அவளுக்கே நிம்மதியாகிவிட்டது. "படிச்ச புள்ளைய எல்லாம் கோயிலுக்கா வருதுவ? படிப்பு ஏற ஏற முழங்கால் மடங்காது." அது அம்மா. விடியற்காலையில் என்னை உலுக்கி எழுப்பி, முழங்காலில் நிறுத்தி, "ஆண்டவரே சாலமோனுக்குக் குடுத்த ஞானத்த எம் பிள்ளைக்கும் தாரும்" என்று அழுகிறவளும் இதே அம்மாதான். அவர் தந்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, காஜா எடுக்கவா? சாலமோனா, ஏவாளா, நான் யார்? யாராவது ஒன்று சொல்லித் தொலைக்க வேண்டும். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பெரிய டீச்சர் ஆள் விட்டிருக்கிறார், திறக்கிற அன்றைக்கே வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், அப்புறம் வந்தால் முடியாது என்று. அம்மா வேண்டாம் என்கிறாள். அம்மாவோடு சண்டை போட எனக்குப் பயமில்லை. ஆனால் அம்மா ஏவாளைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துகிறாளே, அவளைத் தாண்டித்தான் எனக்குப் போகத் தெரியவில்லை. நிஜமாகவே அறிவைத் தேடிப் போவது ஆண்டவருக்குப் பிடிக்காது என்றால்? நிஜமாகவே நான் வராந்தாவில் நின்றது கணக்கு வாத்தியாரால் இல்லை, வேறு யாரோ நிறுத்தி என்றால்? அதற்குத்தான் எனக்குப் பதில் வேண்டும், இன்றைக்கே வேண்டும், இந்தா, இந்த மைக்கில்தான் வந்துகொண்டிருக்கிறது, நான் கேட்கவில்லை, வாட்ச் வார் பார்க்கிறேன்.

கேள். கேளேன் எருமை. "…ஆகையினாலே பிரியமானவர்களே, முதலாவது…" முதலாவதா, அப்படியென்றால் இதுவரை சொன்னது என்ன, முன்னுரையா? மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் கடக் என்கிறது. மாவு மில்லு சத்தம் இதைவிடப் பெரிசு. அங்கே வைத்துத்தான் சொன்னேன். நானும் அவளும் வரிசையில் நின்றோம், என் வாளியில் கோதுமை, அவள் வாளியில் மிளகாய், மெசின் ஓடுகிற சத்தத்தில் பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும், நான் கத்தினேன், கடவுளைப் பற்றிய கேள்வியை மாவு மில்லில் நின்று யாராவது கத்துவார்களா, நான் கத்தினேன். மிளகாய் நெடியில் எனக்குக் கண்ணில் தண்ணீர். ஜெனிட்டா அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் அப்போது எப்படி இருந்தது? நினைவில் வைத்துக்கொள்ள விருப்பமில்லை, ஆனால் இருக்கிறது, என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை, பொறாமையாகப் பார்த்த மாதிரி, இல்லை, அது என் கண், எனக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும். "ஏட்டி எப்சி, இத ஐயர்ட்ட கேளு" என்றாள். நான் என்ன சொன்னேன்? என்னவோ சொன்னேன். மெசின் ஓடியது, மாவுக்காரர் "அடுத்த வாளி" என்றார், வாளியைத் தள்ளினேன். என்ன சொன்னேன் என்பதா இப்போது முக்கியம், கேள்வி யாருடையது என்பதுதான் முக்கியம். மாவு சூடாக இருந்தது, இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தோம், அவள் மறுபடியும் கேட்டாள், கேப்பியா, வகுப்புல கேப்பியா என்று. நான் ஒன்று சொன்னேன். "கேள்வி கேட்டு வராந்தாவுல நின்னது போதும்ட்டி. நான் கேக்க மாட்டேன். வேணும்னா நீ கேளு. எம் பேர இழுக்காத." சொன்னேன். சரி, சொன்னேன். அது பேச்சுக்குச் சொன்னது. பேச்சுக்குச் சொன்னதை எடுத்துக்கொண்டு போய் ஒருத்தி கேட்டே விடுவாள் என்று யாருக்குத் தெரியும்? நான் சொன்னபடிதான் செய்திருக்கிறாள், ஒரு எழுத்து மாறாமல், அவள் அப்படித்தான், கோடு போட்டால் கோணாது. ஆனால் ஐயர் முன்னால் அவள் அதைக் கேட்ட நொடியில் ஐயர் முகம் மலர்ந்திருக்குமே, அந்த முகம் எனக்கு வர வேண்டியது. பேர் வேண்டாம் என்று சொன்னேன், முகமும் வேண்டாம் என்றா சொன்னேன்? யாரும் என்னிடம் இதுவரைக்கும் 'நல்ல கேள்வி' என்று சொன்னதில்லை. ஒரு தரம். ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும், அப்புறம் வெளியே நிற்கச் சொன்னாலும் நின்றுவிடுவேன்.

ஜெனிட்டா ஏன் என்னையே பார்க்கிறாள்? எல்லாரும் பீடத்தைப் பார்க்க அவள் மட்டும் தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்க்கிறாள். பார்க்கட்டும். முறைத்தேன். அவள் கண்ணை இறக்கினாள், மறுபடி ஏற்றினாள், மறுபடி முறைத்தேன். ஐயர் குரல் தணிந்தது. எனக்குத் தெரியும், குரல் தணிந்தால் ஜெபம் வரப்போகிறது என்று அர்த்தம். முடிந்துவிட்டதா? இல்லை, இருக்காது, இரண்டாவது என்று அவர் சொல்லவே இல்லையே, மூன்றாவது என்று சொல்லவே இல்லையே, சொன்னாரா? "ஜெபிப்போம்." எல்லாரும் தலை கவிழ்ந்தார்கள். பெஞ்சுகள் கிறீச்சிட்டன. என் கேள்வி கேட்கப்பட்டு, பதில் சொல்லப்பட்டு, ஆமென் போடப்பட்டு முடிந்துவிட்டது, நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். கோயில்குட்டி, மணி அடிக்கிற ஆள், காணிக்கைப் பையை நீட்டியபோது வெறும் கையை உள்ளே விட்டு வெறும் கையை எடுத்தேன். அழுகை வரவில்லை, கோபம் வந்தது, யார் மேல் என்று தேடிப் பார்த்தால் ஆள் கிடைக்கவில்லை.

ஆராதனை முடிந்து, செருப்பு கிடக்கிற இடத்தில் கூட்டத்தில் நின்று என் செருப்பைக் காலால் தேடும்போது பின்னாலிருந்து என் பின்னலை இழுத்தாள். ஜெனிட்டாதான். முகம் சிவந்திருந்தது.

"ஏட்டி, ஐயர் எம் பேரச் சொல்லுவாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எனக்கு உயிரே போச்சு."

"போன மாதிரி தெரியலயே. வாட்ச் கட்டிட்டுல்லா வந்துருக்கு உயிரு."

"அட போ." வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "நேத்துதான் மாமா கொண்டு வந்தாவ. உங்கிட்ட காட்டத்தான் கட்டிட்டு வந்தேன். அத விடு. பதில் என்னட்டி? உனக்குப் புரிஞ்சுதா? அந்தக் கை, கைன்னு சொன்னாரே, அது என்னது?"

"என்கிட்ட கேக்க? உன் பேரச் சொல்லித்தான் பிரசங்கமே பண்ணாரு. நீ கேக்கலயா?"

"நீ என்னைய முறச்சிட்டே இருந்தா நான் எங்க கேக்க? உங்கிட்ட என்ன சொல்லி சமாளிக்கன்னே யோசிச்சிட்டு இருந்தேன். ஒரு வார்த்த ஏறல."

நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குச் சிரிப்பு வந்தது, வரக்கூடாது என்று அடக்கினேன், மூக்கு வழியாக வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அவள் பயந்துபோய் இருந்தாள், என்னை இழந்துவிடுவோமோ என்று. என்னைப் போய் இழக்க ஒருத்தி பயப்படுவாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாததில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பொறாமை போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்தேன். போகவில்லை. இருந்தது, பல் ஆடுகிற மாதிரி, அந்த இடத்திலேயே.

வாசலில் ஐயர் வெள்ளை அங்கியில் வேர்த்து நின்று போகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வரிசையில் புகுந்தேன். ஜெனிட்டா என் தாவணியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் அம்மா, "எங்கட்டி போற, வடிச்ச சோறு போட்டபடி கெடக்கு" என்றாள். என் முறை வந்தது. ஐயர் கையை நீட்டினார், நான் பிடித்துக்கொண்டேன், விடவில்லை.

"ஐயா, நான் பிரசங்கம் கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

பின்னால் யாரோ ஒரு அம்மா ஐயையே என்றாள். ஐயர் என்னை உற்றுப் பார்த்தார்.

"எந்த எடத்துல விட்ட?"

"ஜெனிட்டா பேரச் சொன்ன எடத்துல."

அவர் ஜெனிட்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, முகம் மெல்ல மாறியது. நான் அந்த முகத்தைத்தான் வேண்டும் என்று கேட்டிருந்தேன், இப்போது பார்க்க வெட்கமாக இருந்தது, அங்கியின் பொத்தானைப் பார்த்தேன். காஜா கோணலாக எடுத்திருந்தார்கள்.

"அது ஆரம்பம்லா" என்றார். "அப்ப முழுசும் விட்டுட்ட. நாளைக்குக் காலைல வீட்டுக்கு வா, ஆறஅமரப் பேசுவோம்."

"காலைல முடியாது ஐயா. பள்ளிக்கூடம் இருக்கு."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும். முதுகில் இடி எப்போது விழும் என்று பார்த்தேன். இன்னும் விழவில்லை.

"அப்ப இப்படி நில்லு" என்று ஐயர் கதவோரத்தைக் காட்டினார். "எல்லாரும் போகட்டும்."

ஜெனிட்டாவும் நானும் ஓரமாக ஒதுங்கினோம். வரிசை நீளமாக இருந்தது, ஒவ்வொரு கிழவியும் ஐயரிடம் தன் முழங்கால் வலியை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். எனக்குப் பொறுமை கிடையாது. நின்றேன்.